டிராக்டரின் காலைப் புகையும் அதன் காரணங்களும்

டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு மார்கழி, தை மாதங்களில் ஒரு கவலை தவறாமல் நேருகிறது. முதல்நாள் மாலை வரையில் குறையேதுமின்றி உழைத்த இஞ்சினை மறுநாள் விடியற்காலையில் கிளப்பும்போது, சைலன்சர் குழாயிலிருந்து வெண்மையாகவோ, நீலமாகவோ, கருமையாகவோ புகை குபுகுபுவென்று வெளிப்படுகிறது. அதைக் கண்டவுடன் இஞ்சினின் ஆயுள் முடிந்துவிட்டதென்று கருதி வண்டியைப் பட்டறைக்கு அனுப்புவோர் உண்டு. எல்லா இஞ்சினும் காலையில் புகைக்கத்தான் செய்யும் என்று சொல்லி அலட்சியம் செய்வோரும் உண்டு. இவ்விரு வழிகளும் நஷ்டத்திலேயே முடிகின்றன. முன்னவர், நெல் மூட்டைகளைக் கொள்முதல் நிலையத்திற்குக் கொண்டு சேர்க்கவேண்டிய நாட்களிலும், நிலத்தில் ஈரம் காயுமுன் உழவேண்டிய நாட்களிலும் இஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு வாடகை வண்டிக்கு அலைகிறார். பின்னவர், சொற்பச் செலவில் தீர்ந்திருக்கவேண்டிய கோளாற்றை வளரவிட்டுப் பிஸ்டன், லைனர், கனெக்டிங் ராடு ஆகியவற்றையே மாற்றும்படி நேருகிறது.

புகையைப் பார்த்து இஞ்சினின் நிலையை அறிவது, வைத்தியர் நாடி பார்ப்பதைப் போன்றதே. ஆனால் நிறம் ஒன்றை மாத்திரம் கொண்டு முடிவு கட்டலாகாது. புகையின் வாசனை என்ன, அது எத்தனை நிமிஷம் நீடிக்கிறது, இஞ்சின் சூடேறியபின் குறைகிறதா, கலப்பையைப் பூட்டி இழுக்கும்போது அதிகமாகிறதா என்பவற்றையும் சேர்த்துக் கவனித்தால்தான் காரணம் புலப்படும்.

இதை விளங்கிக்கொள்ள டீசல் இஞ்சின் வேலைசெய்யும் விதத்தைச் சுருக்கமாக அறிதல் அவசியம். பெட்ரோல் இஞ்சினில் உள்ளதுபோல் இதில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. 1897-ம் ஆண்டில் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ருடால்ஃப் டீசல் என்பவர் வெற்றிகரமாக ஓட்டிக் காண்பித்த முறைப்படியே இன்றும் இவ்வகை இஞ்சின்கள் ஓடுகின்றன. சிலிண்டருக்குள் காற்று மாத்திரம் இழுக்கப்பட்டு, பிஸ்டனால் 16-ல் ஒரு பங்கு முதல் 20-ல் ஒரு பங்கு வரையில் அமுக்கப்படுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை அனைவரும் அறிவர். அதைப்போலவே, ஆனால் மிகப் பெரிய அளவில், அமுக்கப்பட்ட காற்றின் உஷ்ணம் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஏறிவிடுகிறது. அந்தத் தருணத்தில் நாசில் வழியாக டீசல் பனித்துளிபோல் பீச்சப்பட, அது தானாகவே தீப்பற்றுகிறது. ஆகவே போதிய உஷ்ணம், போதிய காற்று, சரியான அளவில் மெல்லிய துளிகளாகப் பீச்சப்பட்ட எண்ணெய் ஆகிய மூன்றும் கூடினால் புகையிராது. இவற்றில் ஒன்று குறைந்தாலும், எரியக்கூடாத வேறு பொருள் சிலிண்டருக்குள் நுழைந்தாலும் புகை வரும்.

காலையில் அதிகமாய்க் காணப்படுவது வெண்புகை. இதிலும் மூன்று வகைகள் உள. அவற்றைப் பகுத்தறியாமையினாலேயே வீண்செலவு பெரும்பாலும் ஏற்படுகிறது.

முதலாவது, வெறும் நீராவி. ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரும் உண்டாகி ஆவியாக வெளியேறுகிறது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். குளிர்ந்த வேளையில் இது மனிதர் மூச்சு வெண்மையாகத் தெரிவதுபோல் தெரிகிறது. ஓசூர், தளி, நீலகிரி ஆகிய பகுதிகளில் இதைத் தினந்தோறும் காணலாம். இவ்வாவிக்குக் காரமான வாசனை இராது. குழாயைவிட்டு நீங்கியதும் காற்றில் மறைந்துவிடும். இது நோயன்று. நிமிர்ந்த குழாயுடைய டிராக்டர்களை இரவில் மழையில் நிறுத்திவைத்தால் குழாய்க்குள் இறங்கிய மழைநீரும் இவ்வாறே ஆவியாகும். எனினும் அந்நீர், திறந்திருக்கும் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள்ளும் இறங்கக்கூடும். ஆதலால் இரவில் குழாயின் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வைக்கும் பழைய வழக்கம் மிகவும் நல்லது.

இரண்டாவது, எரியாத டீசல். இது கண்ணைக் கரிக்கும், நெடி அடிக்கும், காற்றில் கலையாமல் கொட்டகைக்குள் தேங்கி நிற்கும். குளிர்ந்த சிலிண்டர்ச் சுவர்கள் அமுக்கப்பட்ட காற்றின் உஷ்ணத்தை உறிஞ்சிக்கொள்வதால் டீசலில் ஒரு பகுதி தீப்பற்றாமல் மூடுபனியாக வெளிவருகிறது. இரண்டு மூன்று நிமிஷங்களில் இது நின்றுவிடுமானால் பொருட்படுத்த வேண்டியதில்லை. நிற்காவிடில் முதலில் பார்க்கவேண்டியது இஞ்சினை அன்று, பாட்டரியை. பாட்டரி பலஹீனமாக இருந்தால் செல்ஃப் மோட்டார் இஞ்சினை மெதுவாகச் சுழற்றுகிறது. மெதுவாக அமுக்கப்படும் காற்று, ரிங் இடுக்குகளின் வழியே கசிந்தும் சுவர்களுக்குச் சூட்டை இழந்தும் விடுவதால் வேண்டிய உஷ்ணம் ஏறுவதில்லை. பாட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைப் பூச்சைச் சுடுநீரால் கழுவி முறுக்கிப் பூட்டுவதனாலேயே வெண்புகை நின்றுபோன வண்டிகள் பல. சாதாரணப் பாட்டரியாயின் திராவகத்தின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரால் பார்க்கவேண்டும். அது 1.25-க்கும் 1.28-க்கும் இடையில் இருந்தால் பாட்டரியைக் குறைசொல்ல இடமில்லை.

அடுத்தது, டீசலில் நீர் கலந்திருத்தல். பாதி காலியான டாங்கியில் இரவு முழுதும் ஈரக்காற்று குளிர்ந்து, உட்சுவரில் வியர்த்து, அடியில் நீராகச் சேர்கிறது. வேலை முடிந்த மாலையிலேயே டாங்கியை நிரப்பிவைப்போருக்கு இத்தொல்லை குறைவு. காலையில் நிரப்புவது என்பது பெரும்பான்மையோரின் வழக்கமாயிருப்பினும், அது மாற்றத்தக்க வழக்கமே. பீப்பாயில் டீசல் வைத்திருப்போர் அதைக் கூரையின்கீழ், சற்றுச் சாய்வாக நிறுத்தி, தெளியவிட்டு, அடிமண்டி வராதபடி மேலிருந்து எடுக்கவேண்டும். பில்டரின் அடியிலுள்ள கிண்ணத்தின் திருகைத் தளர்த்தி, தேங்கிய நீரை வாரத்திற்கு ஒருமுறையேனும் வடித்துவிடுதல் நலம். மழைக்காலத்தில் தினமும் செய்தாலும் தகும்.

இவையெல்லாம் சரியாயிருந்தும் நெடியுள்ள வெண்புகை நீடித்து, இஞ்சின் ஒரு காலில் நொண்டுவதுபோல் விட்டுவிட்டுச் சப்தித்தால், நாசில் ஒன்று டீசலைத் துளிகளாய்ப் பீச்சாமல் ஒழுகவிடுகிறது என்று சந்தேகிக்கலாம். பழைய மாதிரி பம்பு உள்ள இஞ்சின்களில் மெக்கானிக்குகள் ஒவ்வொரு நாசிலுக்கும் செல்லும் குழாயின் நட்டைச் சற்றே தளர்த்திப் பார்ப்பர். நல்ல சிலிண்டரின் குழாயைத் தளர்த்தினால் இஞ்சினின் சப்தம் மாறும். கெட்ட சிலிண்டரின் குழாயைத் தளர்த்தினால் மாற்றமிராது. ஆனால் இச்சோதனையைக் கைதேர்ந்தவரே செய்யவேண்டும். அழுத்தத்துடன் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும்; புள்ளியளவே காயம் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லாவிடில் விரலையே இழக்க நேரும். 2023-ம் ஆண்டு ஜனவரி முதல் 50 குதிரைசக்திக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாக்கப்பட்டதையொட்டி வந்துள்ள காமன் ரெயில் இஞ்சின்களில் குழாயின் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேற்படுவதால், அவற்றில் எவரும் இந்த நட்டுகளைத் தொடவே கூடாது.

தெர்மோஸ்டாட் என்னும் சிறு கருவியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. இஞ்சின் சூடேறும் வரையில் ரேடியேட்டருக்கு நீர் செல்லாமல் தடுப்பது இதன் வேலை. நம் நாடு வெப்பநாடு, இது எதற்கு என்று சொல்லிச் சில பட்டறைகளில் இதைக் கழற்றி எறிந்துவிடுகின்றனர். அதன் பலனாக இஞ்சின் காலை முழுதும் சூடேறாமலே ஓடி, வெண்புகை நீடிப்பதோடு, எரியாத டீசல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் பூச்சைக் கழுவிவிட, லைனர் விரைவில் தேய்கிறது. கழற்றியவர் அதைத் திரும்பப் பொருத்தச் செய்வதே முறை.

மூன்றாவது வகை வெண்புகைதான் உண்மையில் அஞ்சத்தக்கது. ஹெட் கேஸ்கெட் கிழிந்தோ, ஹெட் அல்லது லைனர் வெடிப்புற்றோ, ரேடியேட்டர் நீர் சிலிண்டருக்குள் கசிந்து ஆவியாக வெளிவருவது இது. இஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் இவ்வாவி நிற்காது. கூலன்ட் ஊற்றியிருந்தால் புகையில் தித்திப்பான வாசனை தெரியும். வெளியே ஒழுக்கு ஏதுமில்லாமல் ரேடியேட்டரில் நீர்மட்டம் தினமும் இறங்கும். இஞ்சின் முற்றும் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்துக் கிளப்பினால் நீரில் குமிழிகள் இடைவிடாது வரும். சூடான இஞ்சினில் இம்மூடியைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டோர் அநேகர். ஆதலால் காலையில் மாத்திரமே இதைச் செய்யவேண்டும். ஆயில் அளவுகோலை உருவிப் பார்த்தால், எண்ணெய் கறுப்பாயிராமல் பால் கலந்த காப்பியைப்போல் வெளிறியிருப்பதும், மட்டம் குறைவதற்குப் பதில் கூடியிருப்பதும் நீர் கலந்ததற்கு நிச்சயமான அடையாளங்கள். அத்தகைய எண்ணெயுடன் ஒரு நாள் உழுதாலும் பேரிங்குகள் பாழாகும்.

இதிலுள்ள பேரபாயம் வேறொன்று. இரவெல்லாம் கசிந்த நீர் ஒரு சிலிண்டரில் பிஸ்டனுக்கு மேல் தேங்கி நின்றுவிடலாம். காற்று அமுங்கும், நீர் அமுங்காது. மறுநாள் காலையில் செல்ஃப் கொடுத்தவுடன் இஞ்சின் அரைச் சுற்றில் டக்கென்று நின்றுவிடும். அந்நேரத்தில் பாட்டரியில் சக்தியில்லை என்று எண்ணி, வேறொரு டிராக்டரால் கட்டி இழுத்துக் கிளப்ப முயன்றால், கனெக்டிங் ராடு வளைந்து, சில வேளைகளில் இஞ்சினின் பக்கவாட்டையே உடைத்துக்கொண்டு வெளிவரும். கேஸ்கெட் ஒன்றின் விலையில் தீரவேண்டியது அப்போது இஞ்சினின் விலையாகிறது. ஆகையால் சில தினங்களாக வெண்புகையும் நீர்க்குறைவும் கண்ட வண்டி ஒருநாள் காலையில் சுழல மறுத்தால், இழுத்துக் கிளப்பும் எண்ணத்தையே விட்டுவிட்டு, நாசில்களைக் கழற்றி நீரை வெளியேற்றிப் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லவேண்டும். கூலன்டைப் பற்றி இன்னொன்று: அதன் தித்திப்புக்காக நாயும் கன்றும் அதை நக்கும், அது கொடிய விஷம். வடித்த கூலன்டைத் தொழுவத்தருகில் கொட்டலாகாது.

நீலப்புகை வந்தால் மசகெண்ணெய் எரிகிறது என்று பொருள். இதில் காலம் பார்த்தல் மிக முக்கியம். கிளப்பியவுடன் ஒரு மண்டலம்போல் நீலப்புகை எழும்பி, ஐந்து நிமிஷத்திற்குள் அற்றுப்போய், பின்பு நாள்முழுதும் உழும்போது வராவிடில், வால்வு தண்டின் சீலோ கைடோ தேய்ந்து, இரவில் எண்ணெய் சொட்டுச்சொட்டாகச் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கிறது. ஹெட்டை மாத்திரம் கழற்றிச் செய்யும் வேலை இது. அறுவடை முடியும் வரையில் எண்ணெய் மட்டத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு ஓட்டினாலும் பாதகமில்லை. இதற்காகப் பிஸ்டனையும் லைனரையும் மாற்றச் சொல்வோரின் சொல்லை ஏற்கவேண்டியதில்லை. மாறாக, நீலப்புகை சூடேறிய பின்னும் தொடர்ந்து, கலப்பை ஆழமாக இறங்கும்போது அதிகரித்து, இஞ்சினின் மூச்சுக்குழலாகிய பிரீதரிலிருந்தும் புகை தள்ளினால், ரிங்குகளும் லைனரும் தேய்ந்துவிட்டன. அப்போது முழு இஞ்சின் வேலையைத் தவிர வேறு வழியில்லை. டர்போ பொருத்திய டிராக்டராயின் டர்போவின் சீலையும் முன்னதாகப் பரிசோதிக்கவேண்டும்.

ஆனால் நேற்று வரையில் புகையாத வண்டி, சர்வீஸ் செய்த மறுநாள் காலையில் திடீரென்று நீலமாகப் புகைக்குமானால், தேய்மானத்தைக் குற்றம் சொல்வது தவறு. ரிங்குகள் ஓரிரவில் தேய்வதில்லை. இஞ்சினிலோ, எண்ணெய்த் தொட்டியுள்ள ஏர் கிளீனரிலோ, குறித்த கோட்டுக்கு மேல் எண்ணெய் ஊற்றப்பட்டிருக்கும். ஏர் கிளீனரில் மிகையாக ஊற்றிய எண்ணெயை இஞ்சின் காற்றோடு உறிஞ்சி டீசலைப்போல் எரிக்கத் தொடங்கினால், டீசலை நிறுத்தினாலும் இஞ்சின் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும் விபரீதமும் நேர்வதுண்டு. அவ்வேளையில் காற்று புகும் வாயை ஒரு பலகையால் அடைப்பதே நிறுத்தும் வழி. கையால் அடைக்க முயல்வது ஆபத்து.

வெண்மையா நீலமா என்று கண்ணுக்குத் தெளிவுபடாவிட்டால், ஒரு குச்சியின் நுனியில் வெள்ளைத் துணியைக் கட்டிக் குழாய்வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் சற்றுநேரம் பிடித்துப் பார்க்கலாம். நீராவியாயின் துணி ஈரமாகிப் பின் கறையின்றி உலரும். டீசலாயின் வாசனை நிற்கும். மசகெண்ணெயாயின் பிசுக்குள்ள புள்ளிகள் விழும்.

கரும்புகையைக் குறித்து அதிகம் சொல்லவேண்டியதில்லை. காற்றுக்கு மிஞ்சிய டீசல் கரியாக வெளியேறுவதே அது. கிளப்பும்போது பம்பு மிகுதியாக டீசல் கொடுப்பதால் ஒருமுறை கருமையாகத் தள்ளி நிற்பது சகஜம். நிற்காமல் வந்தால் ஏர் கிளீனரைத் திறக்கவேண்டும். புழுதி உழவும், கதிரடிக்கும் தூசியும் முடிந்த பின்பு அதைத் திறந்து பார்ப்போர், இஞ்சின் எப்படி மூச்சுவிட்டதென்று ஆச்சரியப்படுவர். எண்ணெய்த் தொட்டியுள்ள வகையாயின் அடியில் ஒரு சென்டிமீட்டர் சேறு படிந்ததும் எண்ணெயை மாற்றவேண்டும். காகித வகையைத் தரையில் ஓங்கித் தட்டினால் காகிதம் கிழிந்து, மண் நேரே சிலிண்டருக்குப் போகும். நெடுநாள் நிறுத்திவைத்த வண்டிகளில் குளவி மண்கூடு கட்டி குழாயை அடைத்திருப்பதும் உண்டு. இவை யாவும் சுத்தமாயிருந்தும் கரும்புகை வருமாயின், பம்பையும் நாசில்களையும் பெஞ்சில் வைத்துச் சோதிக்கக் கொடுக்கலாம். அதிகச் சக்தி கிடைக்குமென்று பம்பின் சீலை உடைத்து டீசலைக் கூட்டிவைப்போர், சக்தியைவிடக் கரியையே அதிகம் பெறுகின்றனர்.

கிளப்பும் முறையிலும் சில தவறுகள் வேரூன்றியிருக்கின்றன. குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பியவுடன் ஆக்ஸிலரேட்டரை முழுதும் இழுத்து உறுமவிடுவது அவற்றில் ஒன்று. எண்ணெய் மேலே ஏறிச்சேருமுன் பேரிங்குகளும் டர்போவும் வறண்டு உராய்கின்றன. இரண்டு மூன்று நிமிஷம் மிதமான வேகத்தில் ஓடவிட்டு, பின்பு இலேசான வேலையில் நடத்திச் சூடேற்றுவதே சரி. அதற்காக அரைமணி நேரம் சும்மா ஓடவிடுவதும் தவறே; சும்மா ஓடும் இஞ்சின் சூடேறுவதில்லை. காற்றுக்குழாயின் வாயில் தீப்பந்தம் காட்டுவதும், ஹீட்டர் பிளக் உள்ள இஞ்சினில் ஈதர் பீச்சுவதும் பிஸ்டனை உடைக்கும் செயல்கள், தீவிபத்துக்கும் இடமுண்டு.

புகை வரும் வண்டியைச் சார்ப்புக் கொட்டகைக்குள் நிறுத்திப் பரிசோதிப்போர் தம் உடலையும் நினைக்கவேண்டும். உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-ம் ஆண்டில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. பெட்ரோல், மண்ணெண்ணெய் இஞ்சின்களின் புகையிலோ, நிறமும் வாசனையுமற்ற கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு மிகுதி. புகையே தெரியவில்லையென்று நம்பி, சிறு பம்பு இஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டி, பின்னர் உள்ளே இறங்குவது உயிருக்கே ஆபத்து. வண்டியை வெளியே தள்ளி நிறுத்திவிட்டே கிளப்பவேண்டும். மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய கொட்டகையாயின் இது இன்னும் அவசியம்.

கூட்டுறவுச் சங்கத்தின் வண்டியை மேற்பார்க்கும் கிராம அலுவலர்களும் சங்கக் காரியதரிசிகளும், ஓட்டுநரின் பதிவேட்டில் ஓடிய மணிக்கணக்கோடு, காலைப்புகையின் நிறம், அது நீடித்த நிமிஷம், ஊற்றிய எண்ணெய், ஊற்றிய நீர் ஆகிய நான்கையும் தினமும் எழுதும்படி செய்தல் மிக்க அனுகூலம். 50 மணி ஓட்டத்திற்கு எவ்வளவு எண்ணெய் குறைந்ததென்பது அதிலிருந்து தானே தெரியும். ஒரு மாதக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குச் செல்பவரிடம், வேண்டாத வேலையை ஒருவரும் எளிதில் ஏற்ற முடியாது.

பழைய டிராக்டரை விலைக்கு வாங்கச் செல்வோருக்கும், சங்க வண்டியை ஏலத்திற்கு மதிப்பிடுவோருக்கும் இக்காலைப் புகையே முதற்சாட்சி. விற்பவர் பெரும்பாலும் வண்டியை முன்னதாகக் கிளப்பிச் சூடேற்றி வைத்திருப்பார். அப்போது வால்வு கசிவும், நாசில் ஒழுக்கும், பலஹீனமான பாட்டரியும் கண்ணுக்குத் தெரியா. ஆகையால் சொன்ன நேரத்திற்கு முன்னதாக, பொழுது விடியும்போதே சென்று, பேசத் தொடங்குமுன் ரேடியேட்டரின்மேலும் சைலன்சரின்மேலும் புறங்கையை வைத்துப் பார்க்கவேண்டும். சூடாயிருந்தால், மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். குளிர்ந்திருந்தால், மூடியைத் திறந்து நீரையும், அளவுகோலை உருவி எண்ணெயையும் பார்த்தபின் கிளப்பச் சொல்லி, குழாயைக் கவனித்துக்கொண்டு பத்து நிமிஷம் அருகில் நிற்கவேண்டும். விலைபேச்சு அதற்குப் பிறகு இருக்கட்டும்.